மூடி மட்டும் அதிர்ந்தது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கடிகாரம் ரிப்பேர் செய்து பிழைத்தவனுக்கு ஸ்பிரிங் இல்லாமல் எதுவும் ஓடாது என்று தெரியாதா? இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரியுங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நீலகிரி பைக்காரா அணையிலிருந்து கரண்டு வந்து கோயமுத்தூரில் மில்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். பக்கத்துக் கணபதி ஊரைச் சேர்ந்த சின்னப்பன் கிணற்றுப் பாறைக்கு வெடி வைக்கிறவர். மில் ஒன்றுக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தபோது வெள்ளைக்கார இன்ஜினியர் பரிசாகத் தந்தாராம், கையில் கட்டுகிற கடிகாரம், அதற்குள்ளேயே அலாரம். அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அலாரம் அடிக்கவில்லை என்று என் கடைக்குக் கொண்டுவந்தார்.

திரியைக் கொளுத்தி மேலே ஏறியதும் அரை மணிக்கு அலாரம் வைப்பாராம். வெடிக்காமல் போனாலும் திரி உள்ளே புகைந்துகொண்டிருக்கலாம், அதனால் அது அடிக்கும்வரை இறங்க மாட்டார். கிணறு வெட்டச் சொன்ன தோட்டத்துக்காரர் அவசரப்படுத்தினால் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டிவிடுவார்.

திறந்தேன். என்ன வேலைப்பாடு! ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள் இரண்டு ஸ்பிரிங், முள்ளை ஓட்ட ஒன்று, அலாரத்துக்கு ஒன்று. அரிசிமணி அளவில் ஒரு சுத்தியல். அது பின்மூடியின் உட்புறம் நிற்கிற சின்ன ஆணியைத் தட்டும், மூடியே மணியாகிவிடும். சுத்தியலில் அழுக்கு ஏறியிருந்தது, வேறொன்றுமில்லை. அன்று சாயங்காலமே சரியாகிவிட்டது. ஆனால் கொடுக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொள்ள ஆசை.

மறுநாள் வந்தார். “ஏனுங்க, ஆச்சுங்களா? அது இல்லாம எறங்க மனசு வரமாட்டேங்குதுங்க.”

“ஸ்பிரிங் வரோணுமுங்க, சனிக்கெழமை வாங்க. அதுவரைக்கும் ஒரு குத்துமதிப்பா பாத்துக்குங்க” என்றேன். கூசாமல் சொன்ன பொய்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடியும் பிரித்துப் போட்டிருந்தேன். சுத்தியல் பெட்ரோல் கிண்ணத்தில் கிடந்தது, மூடி தனியாக மேசைமேல். திடீரென்று கிர்ர்ர் என்று சத்தம். நம்பினால் நம்புங்கள், அந்த மூடி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பிடித்தேன், விரலுக்கு அடியிலும் துடித்தது. முழுச் சாவி கொடுத்த அலாரம் எவ்வளவு நேரம் அடிக்குமோ அவ்வளவு நேரம் அடித்துவிட்டுத்தான் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை.

பொழுது சாய்கிற நேரத்தில் சின்னப்பனின் மச்சான் வந்து நின்றார்.

“மூணு மணி மில் சங்குக்குத் திரி கொளுத்துனாருங்க. வெடிக்கல. தோட்டத்துக்காரரு சத்தம் போட்டாரு, இவரும் திரி அணைஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டாரு. கா மணி நேரங்கூட ஆகலீங்க, எறங்கிப்போட்டாரு. அடிக்குப் போனதும் வெடிச்சுப்போச்சுங்க” என்றார்.

மூன்று மணியிலிருந்து அரை மணி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தை எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அதைத் தொடவே இல்லை. “உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க” என்றார். நான் சொன்ன பொய் அந்த அம்மணிக்குத் தெரியாது. சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

சுத்தியலை நான் திரும்பப் பொருத்தவே இல்லை, அது தனியாக ஒரு சீசாவில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிப் பார்ப்பேன். அதன் உட்புறத்து ஆணி, சுத்தியல் படுகிற இடத்தில், போன முறை பார்த்ததைவிடக் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.