புதன்கிழமை இறைச்சிப் பை

எங்கள் வாப்பா தையல்காரர். அதனால்தான் அவர் முதன்முதலாகச் செய்த இறைச்சிப் பைக்கு உள்ளே லைனிங் இருந்தது. பை என்றால் துணிப் பை அல்ல, இறைச்சியை மாவுக்குள் மூடிப் போறணை அடுப்பில் சுடுகிற இங்கிலீஷ் சாப்பாடு. தட்டின் அடியில் ஒரு படை மா போதும் என்று உம்மா தொலைபேசியில் தெளிவாகத்தான் சொன்னார். ஒற்றைத் துணியை நம்பிப் பழக்கமில்லாத மனிதர், எதற்கும் இருக்கட்டும் என்று அதன்மேல் இன்னொரு படையையும் விரித்துவிட்டார். வெந்து வந்தபோது வெளிப் படை நன்றாக முறுகியிருந்தது, லைனிங் பச்சை மாவாகவே இருந்தது. நானும் வாப்பாவும் நடுவிலிருந்த இறைச்சியை மட்டும் கரண்டியால் தோண்டித் தின்றோம்.

அப்போது எனக்கு ஏழு வயது. உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கட்டுகஸ்தோட்டையிலிருந்த எங்கள் வீட்டுக்குக் கூரையை மாற்றி, பின்பக்கம் இன்னோர் அறை கட்டுவதற்காகப் போயிருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மழை பெய்யும்போது முன்னறையில் மூன்று சட்டிகள் வைக்க வேண்டியிருந்ததால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு கூரைக்கு இத்தனை நாள் எடுக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இராச் சாப்பாடு பக்கத்து வீட்டு மாமியிடமிருந்து வரும். மாமி வாப்பாவுடன் கூடப் பிறந்தவர், தங்கமானவர். ஆனால் சோற்றுக் கோப்பையோடு ஒரு பெருமூச்சையும் சேர்த்தே நீட்டுவார். என் தலையைத் தடவி, "உம்மா இல்லாம காய்ஞ்சு போயிட்டா புள்ள," என்பார். நான் அப்படியொன்றும் காய்ந்து போகவில்லை. கிழமையில் ஆறு நாள் அந்தப் பெருமூச்சைத் தாங்கலாம், ஒரு நாளாவது நம் குசினியில் நாமே ஏதாவது செய்து தின்போம் என்று வாப்பா முடிவெடுத்தார்.

என்ன செய்யலாம் என்று கேட்டபோது, தான் வேலை செய்யும் வீட்டில் புதன்கிழமைதோறும் செய்கிற இறைச்சிப் பையை உம்மா சொன்னார். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். புதன்கிழமைகளில் பள்ளி விட்டு நீச்சல் வகுப்புக்கும் போய்ப் பசியோடு வருவார்களாம்.

"லேசான வேலதான். மாவக் கொழச்சி அடியில போட்டு, இறைச்சிய வதக்கி உள்ள வச்சி மூடினாச் சரி. சின்னப் புள்ளையும் செய்யும்," என்றார் உம்மா.

அந்தச் சின்னப் பிள்ளை நான்தான் என்று எடுத்துக்கொண்டு உடனே சம்மதித்தேன்.

அங்கே பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேடம் கொஞ்சம் கண்ணயர்வார். எங்களுக்கு அது பின்னேரம் ஐந்து மணி. உம்மாவால் நிம்மதியாகப் பேச முடிவது அந்த நேரத்தில்தான். ஆகவே புதன்கிழமைகளில் வாப்பா பாலத்தடியிலுள்ள தன் தையல் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, அரைக் கிலோ மாட்டிறைச்சியைப் பொடியாகக் கொத்தி வாங்கிக்கொண்டு வருவார். புதன்கிழமை பௌர்ணமிப் போயா தினமாக வந்துவிட்டால் இறைச்சிக் கடை திறக்காது. அதற்கு முதல் நாளே வாங்கி மாமி வீட்டுப் பிரிஜ்ஜில் வைப்போம், மாமி அதற்கும் ஒரு பெருமூச்சு விடுவார். தொலைபேசியைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துச் சத்தத்தைக் கூட்டியதும் எங்கள் சமையல் தொடங்கும்.

வெங்காயத்தையும் வெள்ளைப்பூட்டையும் வாப்பா வதக்குவார். கரட்டைச் சிறிதாக வெட்டுவதும் பட்டாணி உரிப்பதும் என் வேலை. இறைச்சியில் மிளகுத்தூள் போட்டு, தண்ணீர் வற்றும்வரை கிளறி ஆறவிடுவோம். அது முடிந்ததும் வாப்பாவின் கை தன் தொழிலுக்குத் திரும்பிவிடும். கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவைக் கழற்ற மறந்தே வீட்டுக்கு வருபவர், அதாலேயே தட்டை அளந்து, உருட்டிய மாவில் ஓரத்துக்கு அரை அங்குலம் மடிப்பு விட்டு வெட்டுவார். ஒரு நாள் கோடு போடுவதற்குத் தையல் சோக்கைத் தேடினார், நான்தான் தடுத்தேன். ஆனால் மேல்படையையும் கீழ்ப்படையையும் சேர்த்து அவர் விரலால் கிள்ளிக்கொண்டு போகும் சுருக்கு, கல்யாணச் சட்டையின் கழுத்தில் வைப்பதுபோல அவ்வளவு ஒழுங்காக இருக்கும்.

எங்களிடம் போறணை ஏது? பின்னேரத்துப் பாண் ரொட்டியை இறக்கி முடித்ததும், சூடு ஆறுவதற்குள் தெரிந்தவர்களின் தட்டுகளை உள்ளே தள்ளிக் கொடுக்கும் பேக்கரி ஒன்று எங்கள் தெருமுனையில் இருந்தது. பெருநாளைக்குச் சனங்கள் கேக் தட்டோடு வரிசையில் நிற்கும் இடம் அது. சாதாரணப் புதன்கிழமையில் ஒரு தையல்காரர் மகளையும் கூட்டிக்கொண்டு தட்டோடு வந்து நின்றது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. பேக்கரிக்கார நானா வாப்பாவைக் கண்டதும், "என்ன மாஸ்டர், இண்டைக்கி யாருக்கு அளவெடுத்தீங்க?" என்பார். வாப்பாவுக்கு வெட்கம். எனக்குப் பெருமை.

ஐந்தாறு கிழமையில் பை ஒழுங்காக வரத் தொடங்கியது. வாப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. எங்கள் பையும் அந்த வீட்டுப் பையும் ஒரே ருசியாக வந்துவிட்டால், புதன்கிழமை இரவில் உம்மாவும் நாங்களும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டதாக ஆகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ருசி கொஞ்சம் மாறினாலும் அது வேறு சாப்பாடு. அப்போது உம்மா அந்தப் பிள்ளைகளோடு ஒரு மேசையில் இருப்பார், நாங்கள் இங்கே தனியாக இருப்போம். யாரும் சொல்லித் தராமல் நானே உண்டாக்கிய சட்டம் இது. அதை நான் முழுதாக நம்பினேன்.

ஆகவே உம்மாவைக் கேள்வியால் துளைத்தெடுத்தேன். மேல்படை என்ன நிறத்துக்கு வர வேண்டும்? "பால் தேத்தண்ணி நிறம்." வெந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "விரலால தட்டிப் பாருங்க, டொக்கெண்டு கேக்கும்." உப்பு? "சின்னக் கரண்டியால ஒண்டரை. மேடம்தான் வந்து பாத்துச் சொல்லுவா." உடையாமல் வெட்டுவது எப்படி? "பத்து நிமிஷம் ஆறவிடணும்." மிளகு கூடினால் மூத்த பிள்ளை முகத்தைச் சுளிக்கும், இளைய பிள்ளை பட்டாணியைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைக்கும் என்பதுவரைக்கும் உம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

ருசியைக் கேட்டால் மட்டும் நழுவிவிடுவார். "நல்லா ஈக்கும் மகள்," என்பார். எப்படி நல்லா? காரமாகவா, பட்டர் வாசமாகவா? "எல்லாம் சேந்து நல்லா ஈக்கும்." உடனே என் படிப்பை விசாரிக்கத் தொடங்குவார்.

ஒரு புதன்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. மாவுக்குப் பட்டரைக் கூட்டிப் போடச் சொல்லி நான் நின்றேன், தேவையில்லை என்று வாப்பா நின்றார். வழக்கு உம்மாவிடம் போனது.

"அங்க பட்டர் ருசி கூடவா, மிளகு ருசி கூடவா? ஒண்டச் சொல்லுங்க," என்றேன்.

அந்தப் பக்கத்தில் உடுப்புத் துவைக்கும் மெஷின் சுழலும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்குச் சொல்ல மாட்டீங்க. அந்தப் புள்ளைகளுக்கு மட்டும்தான் எல்லாம். நீங்க அவங்களோடயே இருங்க!" என்று கத்திவிட்டேன்.

உம்மா அழுதாரா என்று தெரியாது. "மேடம் எழும்பிட்டா போல," என்று மெல்லச் சொல்லித் தொலைபேசியை வைத்தார். வாப்பா என்னை ஏசவில்லை. மா ஒட்டிய கைகளோடு சீனி டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "இனி உம்மாட்ட அதக் கேக்காதீங்க மகள்," என்று மட்டும் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அவருக்கும் காரணம் தெரிந்திருக்காது, மனதில் ஏதோ பட்டிருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அன்றைய பையை நான் கோபத்தில் தொடவே இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். இரண்டு துண்டு தின்றேன்.

அடுத்த கிழமை உம்மா ஒன்றுமே நடக்காததுபோல் பேசினார். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, ருசியைப் பற்றிய பேச்சையும் எடுக்கவில்லை. மனதுக்குள் மட்டும் ஒரு திட்டம் வைத்திருந்தேன். உம்மா வரட்டும். எங்கள் பையில் ஒரு துண்டை நேரிலேயே வாயில் வைத்துவிட்டால், பிறகு எப்படி மறைப்பார் பார்ப்போம்.

மூன்று வருடம் முடிந்து உம்மா ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார். வாசலில் வந்து நின்ற வேனிலிருந்து இறங்கியவர் நான் நினைத்திருந்ததைவிடக் குட்டையாகவும் மெலிந்தும் இருந்தார். நான் வாப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். உம்மா என்னைப் பிடித்து இழுக்கவில்லை. என் உயரத்துக்குக் குனிந்து, நானாகப் போகும்வரை அப்படியே கைநீட்டிக்கொண்டு இருந்தார். நான் போவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மறுநாள் புதன்கிழமை. வந்தவருக்குப் புரியாணி ஆக்க வேண்டும் என்று மாமி கோழியோடு தயாராக நின்றார். இன்றைக்குப் பைதான் என்று நான் அடம்பிடித்தேன், கடைசியில் மாமியே தோற்றார். உம்மாவைக் குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார வைத்தோம். உதவிக்கு எழும்பியவரை இரண்டு தரம் திருப்பி அனுப்பினேன். வாப்பா ஓரத்தைச் சுருக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, "என்ட கையால இப்படி வராது," என்று உம்மா சிரித்தார். வாப்பாவின் காது சிவந்ததை நான் கண்டேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு பேக்கரியிலிருந்து சூட்டோடு துவாயில் சுற்றிக் கொண்டுவந்தோம். பத்து நிமிடம் ஆறவிட்டோம். சதுரத் தட்டில் மூலைத் துண்டுதான் சிறந்த துண்டு, இரண்டு பக்கமும் முறுகியிருக்கும். வழக்கமாக அது எனக்குரியது. அதை நானே எடுத்து உம்மாவின் பீங்கானில் வைத்தேன். உம்மா பிஸ்மி சொல்லிப் பிட்டு வாயில் வைத்து, கண்ணை எடுக்காமல் பீங்கானையே பார்த்துக்கொண்டு மெதுவாக மென்றார்.

"அங்க செய்யிற மாதிரியே ஈக்கா?" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும் மகள்?" என்றார் உம்மா. குரலில் கோபமும் இல்லை, கவலையும் இல்லை. "வெட்டி மேசைக்கி அனுப்புறதோட சரி. மிஞ்சினா அந்தப் புள்ளைகள்ட ஸ்கூல் பெட்டிக்கி வைக்கணும். எனக்குச் சோறு ஈக்கும்தானே. நான் இண்டைக்கித்தான் திண்டு பாக்கிறேன்." இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு, "நல்லா ஈக்கி," என்றார்.

வாப்பா எனக்கென்று வெட்டிக்கொண்டிருந்த மூலைத் துண்டை உம்மாவின் பீங்கானில் வைத்தார். அடுத்த மூலையையும் வைத்தார். பிறகு கத்தியைக் கீழே போட்டுவிட்டு, தட்டையே முழுதாக உம்மாவின் பக்கம் தள்ளினார். "போதும், புள்ளைக்கி வைங்க," என்று உம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, உம்மாவை நினைத்து அல்ல. நான்கு மூலையில் ஒன்றுகூட எனக்கு மிஞ்சப் போவதில்லை. உம்மா சொன்னது என் காதில் விழுந்ததுதான். ஆனால் மூன்று வருடமாக ஒவ்வொரு புதன்கிழமையும் ஒன்றைத் தன் கையாலேயே செய்தவர் அதைத் தின்றதே இல்லை என்பது ஒன்பது வயது மூளைக்குள் போகவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் உம்மா எனக்கு மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

"உம்மா அங்க மூணு வருஷமாத் திண்டுட்டுத்தானே வந்தா! ஏன் எல்லாத்தையும் உம்மாவுக்கே வைக்கிறீங்க?" என்று வாப்பாவோடு சண்டைக்குப் போனேன்.

உம்மா தன் துண்டில் முறுகலான பக்கமாகப் பார்த்துப் பிட்டு என் வாய்க்கு நேரே நீட்டினார். நான் கோபம் தீராமலேதான் வாயைத் திறந்தேன்.