மை ஒற்றும் தாளில் ஒரு வளையம்

பெட்ரோல் விரலில் பட்டால் குளிரும். தீப்பிடிக்கிற பொருள் தொட்டாலும் சுடும் என்று நினைத்திருந்த எனக்கு, செம்பூரில் சேட் வீட்டுக் காரேஜில் வைத்து அப்பா என் ஆட்காட்டி விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டபோது, ஐஸ் விற்பவரின் ஈரச் சாக்கைத் தொட்டதுபோல் சிலிர்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் சுருங்கி, வெளிறி, விரல் வெறும் விரலானது. "பாத்தியாட்டி, நல்ல பெட்ரோலுன்னா இப்படித்தான். வந்த தடமும் தெரியாது, போன தடமும் தெரியாது" என்றார் அப்பா.

அவர் சொன்னதற்குச் சான்றாக ஒரு தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் "பிளாட்டிங்" என்று சொன்ன, மை ஒற்றும் இளஞ்சிவப்புத் தாள். அதில் சிறு சிறு வட்டங்கள் பென்சிலால் போடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கிழமை, தேதி, மாதம், பம்பு இருந்த இடம் ஆகியவை என் கையெழுத்தில் உள்ளன. ஆண்டு மட்டும் இல்லை. பிற்காலத்தில் எங்கள் பகுதியின் கோயில்கள், பள்ளிகள், சங்கங்கள் பற்றித் தேதி தேதியாகக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு வந்தபோது, இந்தத் தாளுக்கு ஆண்டு எழுதாமல் விட்டது உறுத்தியது. நான் தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் இருந்தேன், தம்பி இன்னும் பள்ளியில் சேரவில்லை, ஆகவே அறுபதுகளின் பிற்பாதி என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பொங்கல் கழிந்திருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, கை வண்டி தள்ளி, லாரியில் கிளீனராக இருந்து, டிரைவர் ஆனவர். செம்பூரில் ஒரு பங்களாவில் பெரிய சேட்டை அலுவலகத்துக்கு அழைத்துப் போவது அவர் வேலை. சின்ன சேட்டுக்கு வேறொரு கார் இருந்தது. இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம், கூரையைக் குடைத்துணிபோல் மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம், சிவப்பு நிறம், கப்பலில் வந்தது. அதைச் சின்ன சேட் தவிர யாரும் ஓட்டக் கூடாது. துடைப்பதும், எண்ணெய் மாற்றுவதும், பெட்ரோல் அடித்துக்கொண்டு வருவதும் அப்பா. பெட்ரோல் அடிக்கப் போகும் அந்தக் கொஞ்ச தூரம்தான் அவர் அதை ஓட்டலாம் என்பதால், எந்தப் பம்பு நல்லது என்ற ஆராய்ச்சியில் அவருக்குத் தனி ஆர்வம் இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் காருக்கு ஒரு கோளாறு. சயான் பாலத்து ஏற்றத்தில் வேகம் கூட்டினால், இன்ஜினுக்குள் யாரோ சோழி குலுக்குவதுபோல் சத்தம் வரும். "நாக் அடிக்குது" என்பார் அப்பா. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் அப்படி அடிக்கும் என்பது எல்லா டிரைவர்களுக்கும் தெரியும். சின்ன சேட்டுக்கும் தெரியும். கலப்படத்துக்கு "மிலாவட்" என்ற இந்திச் சொல்லை நான் கற்றுக்கொண்டது அப்பா வீட்டில் வந்து அவரைப்போலப் பேசிக் காட்டியதிலிருந்துதான். விமானத் திடல் ஒன்றில் நடக்கும் கார்ப் பந்தயத்துக்கு அவர் பெயர் கொடுத்திருந்தார். அதற்குள் நல்ல பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அப்பாவுக்கு இட்ட வேலை.

அப்பா கண்டுபிடித்த வழி என் பள்ளிப் பையில் இருந்தது. பம்பின் குழாயிலிருந்து ஒரு சொட்டை மை ஒற்றும் தாளில் விட்டு, அதைச் சுற்றிக் காதில் செருகியிருக்கும் பென்சிலால் வட்டம் போடுவார். சுத்தமான பெட்ரோல் ஆவியாகிவிடும். வட்டத்துக்குள் ஒன்றும் இருக்காது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்ப் பசையோடு ஒரு வளையம் நிற்கும். அவருக்கு எழுத்து கோணும் என்பதால், தாளை வாங்கிப் பக்கத்தில் தேதி எழுதி, வளையம் "உண்டு" அல்லது "இல்லை" என்று குறிப்பது என் வேலையானது. "ஏட்டி, தேதி போட்டியா?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார். செம்பூர் நாக்காவில் ஒரு பம்பு, சயானில் ஒன்று, மாட்டுங்காவில் ஒன்று. முதல் இரண்டுக்கும் எதிரே "உண்டு" என்று சில இடங்களில் எழுதியிருக்கிறேன். மாட்டுங்கா பம்புக்கு எதிரே "இல்லை, இல்லை, இல்லை" என்றே போகிறது.

மாட்டுங்கா பம்பில் பெட்ரோல் அடித்தவர் காதர் மாமா. கடையநல்லூர்க்காரர்; எங்கள் சந்தில் நான்கு அறை தள்ளிக் குடியிருந்தார். மனைவி ஊரில், அதனால் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. காருக்கு "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

"வாரும் அண்ணாச்சி, மாப்பிள்ளைக்குப் பால் ஊத்த வந்துட்டீராக்கும்! பசும்பாலா, எருமப்பாலா?"

"தண்ணி ஊத்தாத பாலா பாத்து ஊத்தும்வே. மாப்பிள வாயில சோழி உருட்டுதாரு."

"எங்கிட்டயே தாள நீட்டுதீரே, ஒமக்கே நியாயமா இருக்கா? இந்த மூக்கு கேக்காத பொய்ய அந்தத் தாளா கேட்டுரப் போவுது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு அங்கே போனபோது நான் நேரில் கேட்ட பேச்சு இது. காதர் மாமா கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் பம்பின் பெட்ரோல் என்று முகர்ந்து சொல்வார். கேலி செய்தாலும் அப்பா தாளை நீட்டும்போதெல்லாம் அவரே குனிந்து ஒரு சொட்டு விட்டு, ஊதாமல், காயும்வரை தானும் நின்று பார்ப்பார். அவர் பம்புதான் நல்லது என்று முடிவாயிற்று. ஆனாலும் நாக் அடிப்பது நிற்கவில்லை. கொஞ்சம் குறைந்ததுபோல் இருக்கிறது என்று அப்பா சொல்லிக்கொண்டார்.

பந்தயத்துக்கு முந்திய வியாழக்கிழமை. பள்ளி விட்டு வந்திருந்தேன். மாட்டுங்காவில் டாங்க் நிறைய அடித்துக்கொண்டு செம்பூருக்குத் திரும்பும் வழியில், சந்து முனையில் காரை நிறுத்தி, அப்பா என்னைக் கூப்பிட்டு, அன்றைய சொட்டு விட்டு வட்டம் போட்ட தாளைக் கொடுத்தார். பந்தயம் முடியும்வரை காரேஜிலேயே தங்கப் போவதாகவும், தேதி போட்டு வைக்கும்படியும் சொன்னார். காயும்வரை அவர் நிற்கவில்லை. "காதர் பம்புதானே" என்றார். நான் வீட்டுக்கு வருவதற்குள் சொட்டு காய்ந்துவிட்டது. வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். இந்தக் கட்டுரையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு எதுவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், இது உறுதி.

தாளைத் தரையில் வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடும்போது அம்மா ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றச் சொன்னாள். எங்கள் சந்தில் மண்ணெண்ணெய்க்கு மூன்று பெயர்: நாங்கள் "சீமெண்ணெய்" என்போம், பக்கத்து மராத்திக்காரர்கள் "ராக்கேல்" என்பார்கள், கடையில் "காஸ்லெட்" என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். புனலை வைத்து ஊற்றிவிட்டு, கையைத் துடைக்காமல் தாளின் மேல் குனிந்தேன். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு, வியாழக்கிழமை வட்டத்தின் கோட்டின் மேலேயே, பாதி உள்ளே, பாதி வெளியே விழுந்தது.

பாவாடையால் ஒற்றினேன். ஊதினேன். வெயிலில் காட்டினேன். அது போகவில்லை. எண்ணெய் கையோடு தாளைத் தொட்டதற்கு அப்பா திட்டுவார் என்ற பயம்தான் எனக்கு இருந்தது; அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. "இல்லை" என்று எழுதினால் கறை எப்படி வந்தது என்று கேட்பார். ஆகவே, வழக்கம்போல் கிழமை, தேதி, மாதம், மாட்டுங்கா என்று எழுதி, கடைசியில் "உண்டு" என்று எழுதினேன். கண்ணுக்குத் தெரிவதைத்தானே எழுதுகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் மூன்றாவது சுற்றுக்குள் இன்ஜின் புகை கக்கி நின்றுவிட்டது. பிஸ்டனில் ஓட்டை விழுந்திருந்தது. சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தபோது செருப்பைக் கழற்றவில்லை, தேதியும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெட்ரோல எடுத்து வித்துட்டு, அளவுக்குச் சீமெண்ணெய ஊத்தி வச்சிருக்கேன்னு சின்ன சேட் சொல்லுதான். அத்தன பேரு முன்னால சோர்ங்கான், களவாணிங்கான். நாளக்கிக் காலையில பதில் சொல்லலைன்னா போலீசுக்குப் போவானாம்."

பிறகு அப்பாவுக்குத் தாள் நினைவு வந்தது. எடுத்து வரச் சொன்னார். நான் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கடைசி வட்டத்தில் விரலை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"காதரு பம்பா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா" என்றேன். அதுவும் பொய் இல்லை.

"நின்னு பாக்காம வந்துட்டனே" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் பிழைத்துவிட்ட நிம்மதியும், அதைக் கண்டு அவருக்கே வந்த அருவருப்பும் சேர்ந்து இருந்தன என்று பெரியவளான பிறகுதான் எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் போன பிறகு, ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மாவின் கை நின்றது. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள்.

"யாருட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. காதரு ஒத்தக்கட்ட மாதிரி, எங்கயும் பொழச்சுக்கிடுவாரு. அப்பாவ சோர்னு சொல்லிட்டா இந்தப் பம்பாயில ஒருத்தன் வண்டியக் கையில குடுப்பானா? நீ எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும்."

தாளைப் பார்த்ததும் சின்ன சேட் பம்பு முதலாளியிடம் தொலைபேசியில் பேசியிருக்கிறார். முதலாளி கலப்படம் என்ற பேச்சே தன் மேல் வந்துவிடக் கூடாது என்று, பெட்ரோல் அடித்த காதர் மாமாவின் தலையில் பழியைப் போட்டு அன்று மத்தியானமே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். "நான் காதரப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. தாளத்தான் காட்டுனேன்" என்று அப்பா எங்களிடம் இரண்டு முறை சொன்னார். நாங்கள் கேட்காமலே சொன்னார்.

மறுநாள் காலையில் காதர் மாமா வந்தார். அப்பா எழுந்து நின்றார். சண்டை வரும் என்று நான் அம்மாவின் பின்னால் போய் நின்றேன். அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்து, "அண்ணாச்சி, அந்தத் தாள ஒரு தடவ நான் பாக்கலாமா?" என்று கேட்டார்.

அப்பா கொடுத்தார். காதர் மாமா வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கோட்டுக்கு வெளியே பிதுங்கியிருந்த கறையின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கின் அருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது அவர் பார்வை மூலையில் இருந்த ஸ்டவ்வுக்குப் போயிற்று, அங்கிருந்து என் கைக்கு வந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தேதியெல்லாம் கரெக்டா எழுதியிருக்கு புள்ள" என்றார். தாளை அப்பாவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். எழுந்தபோது, "மாப்பிள்ளை பொழச்சுக்கிடுவாருல்லா?" என்று அப்பாவைக் கேட்டார். அந்த வாரமே காதர் மாமா அறையைக் காலி செய்துகொண்டு போனார். பம்பாயைத் தாண்டிக் கல்யாண் என்ற ஊரில் லாரிப் பட்டறையில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். ஊருக்கே போய்விட்டார் என்றார் இன்னொருவர்.

அப்பா அதன் பிறகு தாளில் சொட்டு விட்டதே இல்லை. அவரிடம் நான் உண்மையைச் சொல்லவும் இல்லை. சொல்லலாம் என்று நினைத்த ஆண்டுகளில் அம்மா இருந்தாள். அம்மா போன பிறகு அப்பாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. வேலையில் சேர்ந்து, நூலகங்களில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், மோட்டார் இயந்திரங்களைப் பற்றிய ஒரு பழைய புத்தகம் கையில் சிக்கியது. மை ஒற்றும் தாள் கலப்படத்தைத்தான் காட்டும், பெட்ரோலின் வலுவைக் காட்டாது என்பதை அதில்தான் தெரிந்துகொண்டேன். அந்த மாதிரிக் காரின் இன்ஜின் காற்றையும் பெட்ரோலையும் மிக இறுக்கமாக அழுத்தி எரிப்பது. அதற்கு வேறு ரகப் பெட்ரோல் வேண்டும். சாதாரண ரகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நாக் அடிக்கத்தான் செய்யும். அப்பா தேடியது கலப்படம் இல்லாத பெட்ரோலை. கார் கேட்டது வேறொன்றை. கார்க் கதவுப் பையில் ஆங்கிலத்தில் ஒரு கையேடு கிடந்ததாக அப்பா சொல்லியிருக்கிறார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. சின்ன சேட்டுக்குத் தெரியும். யார் மேலும் குற்றம் இல்லாத ஒரு கோளாறுக்காக ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்தது என் தாள்.

கல்யாணில் பழைய பட்டறைக்காரர்கள் சிலரிடம் விசாரித்துப் பார்த்தேன். நான் தேடத் தொடங்கியதே தாமதம். காதர் என்ற பெயரில் பலர் இருந்தார்கள், பெட்ரோலை முகர்ந்து பம்பு சொல்பவர் யாரும் இல்லை. மாட்டுங்காவில் பம்பு இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த துணிக்கடை. எங்கள் சந்தும் அந்த வரிசை அறைகளும் போய், மேலே மேலே கட்டிக்கொண்டே போகிறார்கள். நான் இப்போது குடியிருக்கும், பம்பாயை ஒட்டிய நெருளில் மை ஒற்றும் தாள் என்று கேட்டால் கடைக்காரப் பையன்களுக்குப் புரியவில்லை; மண்ணெண்ணெயின் வாசமே தெரியாத வீடுகள் இவை.

தாளை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு முறை அழிப்பானைக் கையில் எடுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டேன். மாட்டுங்கா என்று எழுதிய வட்டங்களை எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு மேல் வருகின்றன. காதர் மாமா குனிந்து விட்டு, காயும்வரை நின்று பார்த்த அத்தனை சொட்டுகளுக்கும் அந்த வட்டங்களுக்குள் ஒரு தடமும் கிடையாது. என் விரலிலிருந்து விழுந்த ஒரு சொட்டு மட்டும் மஞ்சளாக, கோட்டைத் தாண்டி, அவர் பம்பின் பெயரில், சரியான தேதியோடு நிற்கிறது.