இரண்டாம் வளைவுக்கு வந்த தராசு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இருபது வருடத்துக்கு மேலாகத் தேயிலை மலையில் கான் வெட்டுகிறேன். மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடாமல், அதைச் சாய்வாக அழைத்துப் போகும் வாய்க்காலைத்தான் கான் என்போம். அந்த வேலையில் யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்கு அது ஒத்துப்போனது.

எங்கள் மலை வழியாக நடைப்பயணிகள் போகும் பாதை ஒன்று உண்டு. வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, முதுகில் பையோடு வருவார்கள்; பாதிப்பேர் வெள்ளைக்காரர்கள். மலை உச்சியிலிருந்து எங்கள் லயத்து வீட்டு வரிசை வரை அந்தப் பாதை ஆறு வளைவுகளாக இறங்குகிறது. வளைவுகளை வெட்டிக்கொண்டு நேரே கீழே விழும் குறுக்குப் பாதையும் ஒன்று இருந்தது. அது எங்கள் ஆட்களின் காலே போட்ட பாதை. வெளியூர்க்காரர்களும் அதைப் பார்த்து அதிலேயே இறங்கினார்கள்.

முன்பெல்லாம் மழை நாள்கணக்கில் தூறும். இப்போது வாரக்கணக்கில் வெயில் காய்ந்துவிட்டு, ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் கொட்டுகிறது. போன வருடம் அப்படிக் கொட்டியபோது குறுக்குப் பாதையே ஓடையாகி, சேறு எங்கள் அடுப்புக் குசினி வாசல் வரை வந்தது. இந்த வருடம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்று எனக்குப் பட்டது. நடைபாதையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதைத் திருத்த ஆள் கேட்டதும் தோட்டத்தில் என்னை அனுப்பினார்கள். வளைவுகளில் கல் பதித்தேன், ஓரத்தில் கான் இழுத்தேன். குறுக்குப் பாதையின் வாயை முள் போட்டு அடைத்து, மண்ணைப் பிடிக்க மானாப்புல் நட்டேன்.

மறுநாளே முள் ஓரமாகக் கிடந்தது.

பார்த்துக்கொண்டு நின்றபோதே பெண்கள் பறித்த கொழுந்துச் சாக்கோடு வந்தார்கள். என் மனைவியும் அதில் இருந்தாள். முன்னால் வந்த பக்கத்து வீட்டுக்காரி நின்றாள்.

“அண்ணே, வெள்ளக்காரங்களுக்குப் பாத போட்டீங்க, சரி. எங்களுக்கு ஏன் முள்ளு போட்டீங்க?”

நான் மண்வெட்டியைப் பார்த்தேன்.

“அவருகிட்ட கேட்டா மண்வெட்டிதான் பதில் சொல்லணும்,” என்றாள் என் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். “இம்புட்டு பாரத்தத் தலையில வச்சிக்கிட்டு ஆறு வளவு சுத்தச் சொல்றீங்களா? நீங்க தூக்கிட்டுப் போயிக் காட்டுங்க, பாப்போம்.”

என் மனைவி தன் சாக்கை என் தலையில் ஏற்றிவிட்டு, மற்றவர்களோடு குறுக்கே இறங்கிவிட்டாள். நான் என் வளைவுப் பாதையிலேயே நடந்தேன். கல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான்காவது வளைவிலேயே கழுத்து இறுகிவிட்டது. கீழே போய்ச் சேர்ந்தபோது கொழுந்து நிறுத்து முடித்து, தராசைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மாட்டினார்.

“வெளங்கிச்சா?” என்றாள் மனைவி.

விளங்கியது. தராசு எந்தக் காலத்திலிருந்தோ லயத்துப் பக்கம் ரோட்டோரத்தில்தான் தொங்குகிறது. அது அங்கே இருக்கும்வரை எந்த முள்ளும் நிற்காது. இத்தனை வருடம் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்தவன், இந்தப் பெண்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆட்கள் கூடும் பெரட்டில் வேலை பிரித்துக்கொண்டிருந்த மேற்பார்வைக் கண்டாக்கு ஐயாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

“என்னா?” என்றார்.

“தராச மேல ரெண்டாவது வளவுக்குக் கொண்டு போனா நல்லதுங்கையா. பொம்பளைங்க பாரத்தோட கீழ எறங்கத் தேவையில்ல.”

“லொறி அங்க எப்பிடி வரும்?”

“ஒர மூட்ட ஏத்துன லொறி பழைய ரோட்டுல அதுவரைக்கும் வந்திச்சிங்க.”

பின்னால் யாரோ, “இவரு வாயத் தொறந்துட்டாரு, இன்னைக்கி மழ நிச்சயம்,” என்றான். கண்டாக்கு ஐயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரம் செய்து பார்ப்போம் என்றார்.

அன்று மழை வரவில்லை. நான்காம் நாள் வந்தது, ஒன்றரை மணி நேரம். பெண்கள் அதற்கு முன்பே இரண்டாம் வளைவில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வளைவு வளைவாகப் பேசிக்கொண்டே இறங்கியிருந்தார்கள். நான் குசினி வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலங்கிய தண்ணீர் என் கான்களில் பக்கவாட்டில் திரும்பி ஆற்றுப் பக்கம் போனது. கொஞ்சம் சேறு வாசற்படி வரை வந்து, அங்கேயே நின்றது.

மழை விட்டதும் மேலே போய்ப் பார்த்தேன். மானாப்புல்லில் மூன்று கொத்து போயிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

மனைவி தேத்தண்ணியை என் கையில் கொடுத்தாள். “ரெண்டத் தண்ணி கொண்டு போயிருக்கும். ஒண்ணு நேத்து நான் மிதிச்சது,” என்றாள். “நாளைக்கி நானும் வாறேன், நட்டுருவோம்.”