பொட்டானிக்கல் கார்டனில் பெண் பார்த்தது

எண்பதுகளில் எங்கள் திண்டிவனம் பக்கத்தில் பெண் பார்க்க ஒரு கௌரவமான வழி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் ஊர் சிரிக்கும். அதனால் இரண்டு குடும்பமும் எங்காவது வெளியூரில் 'தற்செயலாக'ச் சந்தித்துக்கொள்ளும். எனக்கு வாய்த்த தற்செயல், புதுச்சேரியில் வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த பொட்டானிக்கல் கார்டன். மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரத்திலிருந்து வருவதாக ஏற்பாடு.

எங்கள் வீட்டில் அக்காவைத் தவிர யாருக்கும் புதுச்சேரியில் வழி தெரியாது. அவள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். குழந்தை இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, வழிகாட்ட அக்கா வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் மட்டும் அவள் படக்கூடாது. அம்மாவின் திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. கார்டன் வாசலுக்கு வந்ததும் சோற்று மூட்டையையும் தண்ணீர்க் கூஜாவையும் அக்காவிடம் கொடுத்து, "அந்தச் செடிக் கொட்டாய் பின்னால போய் குந்திக்கினு இரு. கூப்டாம வராத" என்றாள். அக்கா தலையாட்டிவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "அடடே, நீங்களும் செடி பாக்கவா வந்தீங்க?" என்று அப்பா வியந்த வியப்பில் தெருக்கூத்துக்காரன் தோற்றுப்போவான். அப்புறம் அவர் நிஜமாகவே செடி பார்க்கத் தொடங்கிவிட்டார். நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பழகிய மனிதர். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, "இது இன்னா காய்க்கும்?" என்றார். மாப்பிள்ளை பலகையைப் படித்து, கடல் கடந்து வந்த மரம், நிழலுக்குத்தான் என்று சொல்ல, "இதுக்குப் போயி தண்ணி ஊத்திக்கினு கெடக்கறானே" என்று நொந்துகொண்டார். மாப்பிள்ளையின் அம்மா ஒரு மரத்தையும் பார்க்கவில்லை. என் நடை, பல், பின்னல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாட்டுச் சந்தை மாதிரி சுழி மட்டும்தான் பார்க்கவில்லை.

கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் காற்று இல்லை. "கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்களேன்" என்றார் அந்த அம்மா.

தண்ணீர்க் கூஜா கொட்டாய் பின்னால் அல்லவா இருக்கிறது! "எடுத்தாரலீங்களே" என்று எங்கள் அம்மா கூசாமல் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா! தண்ணி எடுத்துக்கினு வா!" என்று கத்தினேன்.

அக்கா வந்து ஊற்றிக் கொடுத்தாள். அந்த அம்மா வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான், "இது யாரு?" என்று கேட்டார்.

"எங்க அக்கா. கொயந்த இல்லன்னு அனுப்பிட்டாங்க" என்றேன்.

அக்கா கை நீட்டியபடி நின்றாள். அந்த அம்மா டம்ளரை அவள் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். மாப்பிள்ளையும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு மரத்தின் பலகையைப் படிக்கத் திரும்பிக்கொண்டார். படிப்பில் அவ்வளவு ஆர்வம்.

"எனக்கு இந்த எடம் வேணாம்ப்பா. பஸ்ஸுக்குப் போலாம்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே.

திண்டிவனம் வரும்வரை அம்மா, "ஒரு வாய் தண்ணிக்கு நல்ல எடத்த தொலச்சிட்டியேடி" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். அக்கா கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "அவங்க வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிட்ட பாரு" என்றாள். "எனக்கு எம் மாமியா வூட்ல அது தோணாமப் போச்சேடி."