விதைக்கு விட்ட புடலங்காய்

அந்தப் புடலங்காயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எழுபதுகளில் நாங்கள் சித்தூரில் ஒரு மிஷன் காம்பவுண்டுக்குள் குடியிருந்தோம். ஆறு வீடுகளுக்கு ஒரே கிணறு. நான் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் டீச்சர். என் கணவருக்குப் பாகாலா ரயில்வே ஸ்டேஷனில் வேலை. வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வருவார், சில வாரம் அதுவும் இல்லை.

அந்த வருஷம் மாசி மாதத்திலேயே கிணறு அடிக்குப் போய்விட்டது. காம்பவுண்டு கமிட்டி கூடி, செடி கொடிக்கு யாரும் ஒரு குடம்கூட இறைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதை எழுதிக் கிணற்றடியில் ஒட்டியவர் கமிட்டிச் செயலாளர், சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். நானும் கை தூக்கினேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதே வாரம் என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா, ஹாஸ்டலில் இருந்த மகளைப் பார்க்க நகரி பக்கத்திலிருந்து வந்திருந்தாள். போகும்போது என்னிடம் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கைப்பிடிகூட இல்லாத புடலை விதை.

“எங்க கெணறு வத்திப்பூட்ச்சி டீச்சரம்மா. கொல்லையில ஒண்ணும் நிக்கல. இது எங்க மாமியா வூட்டு வெதை. மூணு மொழம் எறங்கும். இருக்கிறதே இவ்ளோதான். நீங்க போட்டுக் காப்பாத்துங்க. காயி நீங்க துன்னுங்க, வெதை மட்டும் எனக்குத் திருப்பிக் குடுங்க.”

கிணற்றுத் தண்ணீர் கிடையாது என்று தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் எனக்கு வேறு ஒரு தண்ணீர் கண்ணில் பட்டிருந்தது. ஆறு வீட்டிலும் குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் சரிவில் ஓடி, தாழ்வாக இருந்த செயலாளர் வீட்டு வாசலில் தேங்கி நாறிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை நானும் என் கணவருமாக மண்வெட்டி பிடித்து, அது அங்கே போகாமல் என் பின்கட்டுக்குத் திரும்புகிற மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டினோம். சோப்புத் தண்ணீர் நேராக வேருக்குப் போனால் செடி கருகும். அதனால் வாய்க்கால் முடிகிற இடத்தில் குழி தோண்டி, மணல் கொட்டி, கல்வாழை நட்டேன். அதில் வடிந்ததைத்தான் பாத்திக்கு விட்டேன்.

செயலாளர் வாசலில் நின்று பார்த்தார். “நல்ல வேலை பண்ணீங்க டீச்சரம்மா. கொசு தொல்லை வுட்டுது,” என்றார். இதை அவரே சொன்னார். என் காதால் கேட்டேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் முழுநேரமும் தோட்டத்திலேயே கிடந்தேன். வெளியே தார் ரோடு உருகுகிற வெயில். என் பின்கட்டில் மட்டும் கத்தரி ஊதாவாய்த் தொங்கியது. வெண்டையை ஒரு நாள் விட்டால் முற்றிவிடும் என்கிற வேகத்தில் காய்த்தது. புளிச்சக்கீரை இடுப்பளவு. மிளகாய்க்கு மட்டும் மத்தியானத்தில் பனையோலை மறைப்புக் கட்டினேன். விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போதே இலைக்குச் சாம்பல் தூவினால் வண்டு வராது. சவுக்குக் கழியும் பழைய கயிறும் வைத்துப் போட்ட பந்தலில், ஒரு விதைகூட மிச்சம் வைக்காமல் ஊன்றிய புடலை படர்ந்து, பிஞ்சுகள் சுருளாமல் நேராக இறங்க ஒவ்வொன்றின் நுனியிலும் கூழாங்கல் கட்டிவிட்டேன். முதலில் இறங்கியவற்றில் வடிவான ஒன்றை விதைக்கு விட்டு, காம்பில் சிவப்புத் துணி கட்டினேன். கொடியின் சக்தி எல்லாம் அதற்கே போகட்டும் என்று ஒன்றோடு நிறுத்தினேன். அது என் புத்தி.

காய்த்ததை நான் ஒளித்து வைத்துத் தின்னவில்லை. ஐந்து வீட்டுக்கும் முறத்தில் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்க்கெட்டில் சொத்தைக் கத்தரிதான் கிடைத்த காலம் அது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வரும்போது செயலாளர் எல்லார் முன்னாலும் என்னை நிறுத்தினார். முக்கியமான விஷயம் என்றால் அவர் முதலில் தெலுங்கில்தான் சொல்லுவார்.

“நீள்ளு அந்தரிவி, டீச்சரம்மா. தண்ணி எல்லார்தும். ஆறு வூட்டுத் தண்ணியில வெளஞ்ச காயி ஒரு வூட்டுக்கு எப்படி சொந்தமாவும்? கமிட்டியில பேசிட்டோம். இனிமே யாருக்கு வேணுமோ அவங்களே பறிச்சிக்கலாம்.”

“நீங்க ஊத்திட்டுப் போன சாக்கடை ஐயா அது,” என்றேன்.

“அதான் சொல்றேன். நாங்க ஊத்துனது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முறத்தில் வாங்கித் தின்ற ஒரு வாய்கூட எனக்காகத் திறக்கவில்லை. அந்த வாரம் வந்த என் கணவரிடம் சொன்னேன். “வுடு, காய்தானே. நாலு பேரு துன்னா நல்லதுதானே,” என்றார். நாலு பேர் தின்னத்தான் நானே கொடுத்துக்கொண்டிருந்தேனே! அது அவருக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் திருப்பதியில் என் தங்கைக்குப் பிரசவம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கூட இருந்துவிட்டு மூன்றாம் நாள் மத்தியானம் பஸ்ஸில் திரும்பினேன். படலைத் தள்ளியதும் தெரிந்துவிட்டது. பாத்தி முழுக்க செருப்புத் தடம். கத்தரியைக் கிளையோடு ஒடித்திருந்தார்கள். பிஞ்சு மிளகாய் தரையில் மிதிபட்டுக் கிடந்தது. பந்தலில் புடலை ஒன்றுகூட இல்லை. சிவப்புத் துணி மட்டும் கீழே கிடந்தது.

பையைக்கூட வைக்காமல் வீடு வீடாகப் போனேன். மூன்றாவது வீட்டில், “செயலாளர் சம்சாரம் நீளமா ஒண்ணு எடுத்துக்கினு போனாங்க,” என்றார்கள்.

அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“செவப்புத் துணி கட்டியிருந்த புடலங்காய் எங்கக்கா?”

“அதுவா? சமைச்சேன். ஒரே நார், கசப்பு வேற. வாயில வெக்க முடியல. மாட்டுக்குப் போட்டுட்டேன்.”

“வெதை?”

“எல்லாத்தையும்தான் போட்டேன். மாடு துன்னுட்ச்சி.”

“துணி கட்டியிருந்திச்சே, பாக்கலையா நீங்க?”

“பாத்தேனே. நல்ல காயாப் பாத்து உனக்குன்னு தனியா அடையாளம் வெச்சிக்கினு கீறேன்னு நெனச்சேன்.”

நான் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. ஐந்து வீட்டு ஜன்னலும் திறந்தது நினைவிருக்கிறது. செயலாளர் உள்ளேயிருந்து வந்து, “ஒரு புடலங்காய்க்கா இந்தப் பேச்சு?” என்றார்.

நான் திரும்பி நடந்தேன். வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்தேன். மாலைக்குள் வாய்க்காலின் தலைப்பை அடைத்துக் காலால் மிதித்து இறுக்கினேன். ஐந்து வீட்டுத் தண்ணீரும் பழையபடி சரிவில் இறங்கி அவர் வாசலுக்கே போனது.

மூன்றாம் நாள் செயலாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செங்கல் மேல் செங்கலாகக் கால் வைத்து வந்தார். “என்ன டீச்சரம்மா இது?”

“எல்லார் தண்ணி ஐயா. நான் மட்டும் எடுத்துக்கிட்டா நியாயமா?”

போதகரை அனுப்பினார்கள். அவர் வந்து உட்கார்ந்து மன்னிப்பைப் பற்றி மெதுவான குரலில் பேசினார். அவர் வீட்டிலிருந்தும் கூடை வந்து வெண்டைக்காய் பறித்துப்போனது எனக்குத் தெரியும். “கேட்டாத்தானேங்க ஐயா மன்னிக்கிறது? இதுவரைக்கும் யாரும் கேக்கலையே,” என்றேன். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

தண்ணீர் நின்றதில் என் தோட்டமும் போனது. அக்னி நட்சத்திர வெயிலில் புடலைக்கொடி ஒரே வாரத்தில் சருகாகிவிட்டது. என் ஒரு வீட்டுத் தண்ணீரை மிளகாய்க்கு மட்டும் ஊற்றினேன். ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்து வெந்தேன், ஆனால் அடைப்பைத் திறக்கவில்லை. கடைசியில் செயலாளர் ஆள் வைத்து வாசலில் குழி வெட்டிக்கொண்டார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது, விதை கொடுத்த அந்த நகரிப் பெண் வந்தாள். மழை இரண்டு தூறல் போட்டிருந்தது. விதைத்துவிடலாம் என்று வந்திருந்தாள். பின்கட்டுக்கு அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் காய்ந்த கொடியைக் கையால் விலக்கி, இலைமறைவில் எங்காவது ஒரு காய் தங்கியிருக்கிறதா என்று கடைசிவரை தேடினாள். நான் தேடாத இடமா?

“வா, அந்த வூட்டுக்குப் போலாம். உன் வாயாலயே கேளு. நான் பக்கத்துல நிக்கிறேன்,” என்றேன்.

“வேணாம் டீச்சரம்மா. அந்த ஐயா ஸ்கூல் கமிட்டியிலயும் கீறாராமே. எம் பொண்ணு இங்க படிக்கணும்.” பிறகு, “படிச்சவங்க வூடு, பத்திரமா இருக்கும்னு குடுத்தேன்,” என்று சொல்லிவிட்டு ஹாஸ்டல் பக்கம் நடந்தாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றாகத் திட்டியிருக்கலாம் அவள்.

இரண்டு வருஷம் கழித்து என் கணவருக்குத் திருப்பதிக்கு மாற்றல் வந்தது. காம்பவுண்டில் வழியனுப்பும் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். செயலாளர்தான் பேசினார். “நம்ம டீச்சரம்மா அந்தக் கோடை முழுக்க நமக்கெல்லாம் காய்கறி கொடுத்து ஆதரித்தவர்கள்,” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். “கொடுத்தது ஏப்ரல்லங்க ஐயா. மே மாசத்துல நீங்க எடுத்துக்கிட்டீங்க,” என்றேன்.

யாரோ இருமினார்கள். என் கணவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். டீ வருவதற்கு முன்பே நான் வெளியே வந்து, ஜட்காவில் ஏற்றியிருந்த சாமான்களின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் கழித்து அவர் வந்தார். வண்டிக்காரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஸ்டேஷனுக்கு விடச் சொன்னார்.