அரிஷ்டக் கம்பெனிக்கு இரண்டு முறை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் ஒரு மருந்துக் கம்பெனி இருக்கிறது. அரிஷ்டம், தைலம், ஓமத்தண்ணீர் எல்லாம் அங்கே செய்கிறார்கள். சீசன் மாதங்களில் வேன் வேனாக வெளியூர்க்காரர்கள் இறங்கி உள்ளே போவார்கள். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால் கூட்டம் இரண்டு மடங்காகிவிடும். குளிக்க வந்தவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. கம்பெனி ஆள் ஒருவர் ஒவ்வொரு கூடமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, கடைசியில் விற்பனைக் கடையில் கொண்டுவந்து விடுவார். உள்ளூர்க்காரர்கள் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. நான் போனது என் கல்யாணப் பேச்சு சம்பந்தமாக.

அப்போது எனக்கு முப்பது வயது ஆகப்போகிற நேரம். வேதியியல் படித்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த வரன்கள் எதுவும் அமையவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை, அம்மாவுக்குத்தான் இருந்தது. அத்தை ஒருத்தி மூலமாக வந்த இந்த மாப்பிள்ளை அந்தக் கம்பெனியில் உற்பத்திப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். அப்பாவுக்குக் கேட்டதும் பிடித்துவிட்டது. மருந்து செய்கிற வேலை, அதுவும் அவர் தினமும் சாப்பிடுகிற மருந்து.

அப்பா சிமெண்ட், கம்பி வியாபாரம் செய்தவர். வயிற்றுக் கோளாறுக்காக யாரோ ஒரு வைத்தியர் சொல்லி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கம்பெனி அரிஷ்டத்தை மூடியில் ஊற்றிக் குடிப்பார். பல வருடப் பழக்கம். மற்றபடி வெற்றிலைகூடப் போட மாட்டார். குடிக்கிறவர்கள் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. கல்யாண வீட்டில் மண்டபத்துக்குப் பின்னால் பாட்டில் திறக்கிறார்கள் என்று தெரிந்தால் சாப்பிடாமல் எழுந்து வந்துவிடுவார்.

அதற்குக் காரணம் சித்தப்பா. அப்பாவுக்கு ஒரே தம்பி. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தாத்தா இறந்துபோனார். பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சித்தப்பா குடித்துவிட்டு வந்து, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது இலைகளின் மேலேயே விழுந்துவிட்டார். சாம்பார் வாளி கவிழ்ந்து ஒரு சின்னப் பிள்ளையின் காலில் கொட்டியது. அப்பா அவரைத் தூக்கி நிறுத்தி, எல்லார் முன்னாலும், “இன்னையோட எனக்குத் தம்பி இல்ல” என்றார். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சித்தப்பா அச்சன்புதூரில் இருந்தார். சித்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்தான். யாரும் போகவில்லை.

மாப்பிள்ளை பார்க்க வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கம்பெனியைப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. “வேல செய்யுத எடத்துல பாத்தாத்தான் ஆளத் தெரியும். வீட்டுல எல்லாரும் நல்லவனுவதான்.” மாப்பிள்ளை வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். அன்றைக்கு ஐந்தருவியில் தடை. வாசலில் இரண்டு வேன் ஆட்கள் நின்றார்கள். தனியாகச் சுற்றிக்காட்ட நேரமில்லை என்பதால் அவர்களோடு எங்களையும் சேர்த்து அவரே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் அப்பாவை “வாங்க மாமா” என்றவர், கூட்டத்துக்கு முன்னால் “சார்” என்று மாற்றிக்கொண்டார். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

அவர் ஒல்லியாக, தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, கொஞ்சம் வேகமாகப் பேசுகிறவராக இருந்தார். என்னைத் தனியாகப் பார்க்கவோ சிரிக்கவோ இல்லை. முதலில் கஷாயக் கூடம். ஆள் உயரப் பாத்திரங்களில் வேர்களும் பட்டைகளும் கொதித்துக்கொண்டிருந்தன. ஆவியில் என் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. அடுத்தது வாலை. ஓமத்தைத் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, எழும்புகிற ஆவியைச் சுருள்குழாய் வழியாகக் குளிர்ந்த தொட்டிக்குள் இறக்கினால் மறுமுனையில் சொட்டுச் சொட்டாக ஓமத்தண்ணீர் வருகிறது. கல்லூரி ஆய்வகத்தில் நான் கண்ணாடிக் குடுவையில் செய்தது, இங்கே செம்பில் பெரிதாக நின்றது. ஒரு பாட்டி கையை நீட்டி ஒரு சொட்டு வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டாள். “பிள்ளைக்குக் குடுக்கதுதான்” என்று எல்லாருக்கும் சொன்னாள்.

கடைசியாக அரிஷ்டக் கூடம். உள்ளே வெளிச்சம் குறைவு. வரிசையாக மரத்தொட்டிகள். புளித்த வெல்லத்தின் வாசம் தொண்டை வரைக்கும் இறங்கியது. கஷாயத்தில் வெல்லமும் தேனும், புளிக்க வைக்கிற தாதகிப்பூவும் போட்டு மூடி வைத்தால் ஒரு மாதத்தில் அரிஷ்டம் தயாராகும் என்றார். ஒரு தொட்டியின் மூடியைத் திறந்து, தீக்குச்சியைக் கொளுத்தி உள்ளே பிடித்தார். குச்சி உடனே அணைந்துவிட்டது. “இது இன்னும் நுரைச்சிக்கிட்டு இருக்கு. வாயு நிக்கதால தீ நிக்க மாட்டேங்கு. முடிஞ்ச தொட்டியில குச்சி எரியும்.” பக்கத்துத் தொட்டியில் காட்டினார். எரிந்தது. வேன்காரர்கள் கை தட்டினார்கள்.

“காதை வச்சுப் பாருங்க, சத்தம் கேக்கும்” என்றார். யாரும் முன்வராததால் நான் போய் முதல் தொட்டியில் காதை வைத்தேன். உள்ளே யாரோ சேலை மடிப்பதைப் போல ஒரு சரசரப்பு கேட்டது. அதற்குப் பிறகு அப்பாவும் வந்து காதை வைத்தார். அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் ஆர்வம் தெரிந்தது.

அப்போதுதான் வேனில் வந்த ஒருவர், “சார், இதுல கிக்கு இருக்குமா?” என்று கேட்டார். அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. “ஆல்கஹால் இருக்கு. நாங்க ஊத்துததில்ல, வெல்லம் புளிக்கையில தானா உண்டாவுது. பீர்ல இருக்க அளவுக்கு இருக்கும், சிலதுல கூடவும் இருக்கும். மருந்துச் சத்த இறக்குததும், கெடாம வைக்கதும் அதுதான். அளவாச் சாப்பிட்டா மருந்து.”

அப்பா தொட்டியிலிருந்து காதை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். “தெனமும் ராத்திரி குடிக்க ரெண்டு மூடிலயும் அது இருக்கா?”

“இருக்கு சார்.”

அம்மா என் கையைப் பிடித்தாள். அப்பா கடையில் எதுவும் வாங்காமல் வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ப் புறவாசல் வாய்க்காலில் ஊற்றினார். “இத்தன வருசமா என்னையும் குடிகாரனாக்கி வச்சிருக்கானுவ” என்றார்.

“மருந்துதானங்க. பீர் குடிக்கதும் இதும் ஒண்ணா?” என்றாள் அம்மா.

“அவன்தான் சொல்லுதானே, பீருன்னு.”

மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று அப்பா வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இந்தச் சம்பந்தமும் கைவிட்டுப் போனது என்று நானும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தத் தொட்டியில் கேட்ட சத்தம் மட்டும் இடையில் ஓரிரு தடவை ஞாபகம் வந்தது. அவர் ஞாபகமும் வந்தது என்று சொல்வதுதான் நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா, “ஏட்டி, கெளம்பு. அச்சன்புதூர் வரைக்கும் போயிட்டு வருவோம்” என்றார். அம்மா தோசை திருப்பியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து வயல் மோட்டார் ஒன்றுக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் பழுது பார்ப்பதுதான் அவருடைய தொழில். நான் நினைத்து வைத்திருந்ததைவிட நரைத்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் எழுந்தார். உள்ளே வரச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“ஒன்கிட்ட ஒரு சோலி இருக்கு. சட்டையப் போட்டுட்டு வா” என்றார் அப்பா.

அவர் சட்டை போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, “நல்லா இருக்கியாம்மா?” என்றார். நான் நல்லா இருப்பதாகச் சொன்னேன். கார் இலஞ்சியைத் தாண்டியது. பிறகு அப்பா ரோட்டைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னார். பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது, பையன் அரிஷ்டம் செய்கிறான், அதில் சரக்கு இருக்கிறது என்று அவனே சொல்கிறான்.

“எனக்குச் சரக்கோட ருசி தெரியாது. நம்ம ஆளுவள்ல ஒனக்குத்தான் தெரியும். ஒரு வாய் குடிச்சுப் பாத்து, சரக்கா மருந்தான்னு சொல்லு. நீ சொல்லுததுதான் முடிவு.”

சித்தப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “சரிண்ணே” என்றார்.

அன்றைக்கு மாப்பிள்ளைக்கு விடுமுறை. கம்பெனிப் பெண் ஒருத்தி எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். மனப்பாடமாகச் சொன்னாள். தீக்குச்சி எல்லாம் கொளுத்தவில்லை. அரிஷ்டக் கூடத்தில் அப்பாவே அதே கேள்வியைக் கேட்டார். “அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சார், முழுக்க மூலிகை” என்றாள். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். சித்தப்பா தொட்டிகளைப் பார்க்காமல் மேலே ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீக்கிரம் வெளியே போனால் போதும் என்பதுபோல் இருந்தது.

கடையில் ருசி பார்க்கச் சின்னக் காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார்கள். அப்பா ஒன்றை வாங்கிச் சித்தப்பாவிடம் நீட்டினார். சித்தப்பா வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் கோப்பையைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டார்.

“என்னலே?”

“வாசத்துலயே தெரியுதுண்ணே. அந்தப் பையன் சொன்னது நெசம்தான். ஆனா இதக் குடிச்சு வெறி ஏத்தணும்னா கொடம் கொடமாக் குடிக்கணும், அதுக்கு முன்ன வயிறு போயிரும். இது மருந்துதான். தைரியமாக் கட்டிக் குடு.”

“ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லேன்.”

“வேண்டாம்ணே. நான் விட்டு வருசம் ரெண்டாச்சு. ஒரு வாய் போதும், திரும்பிரும்.”

பக்கத்தில் ஒரு குடும்பம் முடி எண்ணெய் விலை விசாரித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் காது மடல்கள் சிவந்ததை நான் பார்த்தேன். “வண்டியிலயே சொல்லியிருக்கலாம்லா” என்றார், மிகவும் மெதுவாக.

“நீ இத்தன வருசத்துக்குப் பொறவு வந்து ஒண்ணு கேக்க. எப்படி இல்லன்னு சொல்ல?”

அப்பா டீ வாங்கி வருகிறேன் என்று எதிர்க் கடைக்குப் போனார். சாரல் பிடித்திருந்தது, குடையும் எடுக்கவில்லை. கடைத் தகரத்துக்குக் கீழே நானும் சித்தப்பாவும் நின்றோம். அவர் கையைக் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எல்லாரும் அரிஷ்டத்தப் பத்தியே பேசுதோம். ஒனக்கு அந்தப் பையனப் பிடிச்சிருக்கா?”

அதுவரை அதை என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. “தெரியல சித்தப்பா. ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்லுதாரு” என்றேன்.

“அது பெரிய விசயம்” என்றார். அவர் அதை எனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அப்பா டீயோடு வந்தார். மூன்று பேரும் நின்றபடி குடித்தோம். திரும்பும்போது சித்தப்பாவை வீட்டில் இறக்கிவிட்டு, அப்பா காரிலிருந்து இறங்கி அவரோடு வாசல் வரை போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் பேசவில்லை, அது மட்டும் தெரியும். அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து வரச் சொன்னார்.

கல்யாணம் தென்காசியிலேயே நடந்தது. சித்தி வரவில்லை. சித்தப்பா முதல் நாளே வந்துவிட்டார். உறவுக்காரர்களில் சிலர் அவருக்குப் பக்கத்தில் போய் முகர்ந்து பார்க்காத குறையாகப் பேசிவிட்டு வந்ததை நான் மணமேடையிலிருந்தே கவனித்தேன். அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் முழுப் பந்தியும் முடியும் வரை இருந்து, வெற்றிலைத் தாம்பாளத்தோடு நின்று வந்தவர்களை வழியனுப்பினார்.

எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். என் கணவர் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். சீசனில் ஆட்களுக்குச் சுற்றிக்காட்டுகிற வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கேட்டதற்கு, அவர் காட்டுகிற நாட்களில் விற்பனை குறைகிறது என்று சொன்னார்களாம். அவருக்கு அதில் வருத்தம் இருந்தது, கொஞ்ச நாளில் போய்விட்டது.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் இப்போதும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பழைய விஷயங்களைப் பேசவே மாட்டார்கள். நான் அப்பா வீட்டுக்குப் போகிற சில நாட்களில் அவர் போனை எடுத்துத் தள்ளி வைத்துப் பார்த்து, சித்தப்பாவின் நம்பரைத் தேடிக் கூப்பிடுவார்.

“அங்கன மழை உண்டாலே?”

எதிர்முனையில் என்ன சொல்கிறார் என்று கேட்காது.

“இங்கனயும் இல்ல” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.