தாய்மாமன் வார்த்த ஒரு குடம் தண்ணீர்

கௌசி என்றால் மார்க்கம் நகரிலிருந்து பிறம்ரன் நகர் வரை தெரியாத கலியாண மண்டபம் இல்லை. பொம்பிளை வெளிக்கிடுத்துவது, அதாவது மணப்பெண்ணைச் சோடிப்பது, அவளுக்குத் தொழில். இருபத்திரண்டு வருடத்தில் நானூறு தலைகளாவது அவள் கைபட்டு மேடை ஏறியிருக்கும். எலிவால் போன்ற கூந்தலையும் சவுரி வைத்து, குஞ்சம் கட்டி, இடுப்புக்குக் கீழே பாம்பாய் நெளிய விட்டுவிடுவாள்.

"என்ர கைக்கு மடங்காத தலைமயிர் இன்னும் முளைக்கேல்லை" என்பாள், வாயில் நாலு கொண்டை ஊசியைக் கவ்வியபடி.

பாவம், அது முளைத்துப் பன்னிரண்டு வருடமாகிவிட்டது. முளைத்ததும் வேறெங்கும் இல்லை, சொந்த அண்ணன் வீட்டில்.

அண்ணன் வாகீசன் பிறம்ரனில் பாரவண்டி ஓட்டுகிறவன். அவன் கைப்பிடித்தவள் மார்சியா. பெற்றோர் ஜமேக்காக்காரர், அவள் ரெக்ஸ்டேலில் பிறந்து வளர்ந்தவள். "கறுப்பியைக் கட்டப் போறானாம்" என்று சொந்தபந்தம் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளில், "அவ எனக்கு மச்சாள். வாயைக் கழுவிப்போட்டுக் கதையுங்கோ" என்று ஒற்றை ஆளாய் எழும்பி நின்றவள் கௌசிதான். அந்த நன்றியை மார்சியா இன்றுவரை மறந்ததில்லை.

அவர்களின் ஒரே மகள் நிலாணி. தகப்பனின் கண், தாயின் தலைமயிர். கறுத்து, அடர்ந்து, பேனாவுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் போலச் சின்னச் சின்னதாய்ச் சுருண்ட மயிர். இழுத்தால் தோளுக்கு வரும். விட்டால் துள்ளிப் போய்க் காதுக்கு மேல் குந்திக்கொள்ளும். கௌசி ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கையில் நல்லெண்ணெய்ப் போத்தல், மறுகையில் பல் நெருங்கிய சீப்பு. பிள்ளை அவளுடைய கார்ச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில். மருமகளைத் தரதரவென்று இழுத்தெடுத்து, அழ அழ வாரி, சீப்பின் பல் இரண்டு முறிந்த பிறகே ஓய்வாள்.

மார்சியா அப்போதெல்லாம் தடுக்கவில்லை. அவளும் பதினான்கு வயதிலிருந்து மருந்து போட்டுத் தன் சுருள்மயிரை நேராக நீட்டி வந்தவள். நிலாணிக்கு ஏழு வயதான ஒருநாள், "அம்மா, உங்கள் தலைமயிர் ஏன் என்னுடையதைப் போல இல்லை? என்னுடையது பிழையா?" என்று தாயிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அன்று மார்சியா குளியலறைக்குள் போய், நீட்டிய மயிரை ஒட்ட நறுக்கிவிட்டு வந்தாள். அதன் பிறகு தாயும் மகளுமாக ஒன்றாகவே படித்தார்கள். வறண்டால் தண்ணீர் தெளிப்பது, தெளித்த ஈரத்தைக் களிம்பு பூசிப் பூட்டுவது, நுனியிலிருந்து மேலே சிக்கெடுப்பது, இரண்டு பிரியாய் முறுக்குவது. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் தலை கழுவும் நாள். உலகமே இடிந்து விழுந்தாலும் அது நிற்காது.

இந்த நிலாணி வயதுக்கு வந்து, அவளுக்குத்தான் இப்போது சாமத்திய வீடு.

"என்ர தலைமயிரோடதான் மேடைக்கு வருவன்" என்று பிள்ளை சொல்லிவிட்டாள். கௌசி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சோபாவில் சரிந்தாள்.

"ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் இடுப்புவரை சடை பின்னி விட்டனான். என்ர சொந்த மருமகளுக்கு ஒரு சடைநாகம் வைக்கக் குடுத்து வைக்கேல்லையே! சனம் என்ன கதைக்கும்? நான் செத்தாலும் என்ர நெஞ்சு வேகாது!"

"மாமி, பிளீஸ். டிராமா வேண்டாம்."

"இது டிராமாவோ? கண்ணீரடி!"

உண்மையிலேயே கண்ணீர்தான். அதைப் பார்த்துப் பிள்ளை இளகிவிட்டாள். "சரி. ஒரு நாளைக்கு மட்டும். ஒருக்காத்தான் சூடு வைக்கலாம். பிறகு கேக்கக் கூடாது."

விழாவுக்கு முதல்நாள், ஐந்து மணித்தியாலம், மயிரை நேராக்கும் சூட்டு இரும்போடு கௌசி போர் புரிந்தாள். மாலையில் மயிர் பட்டுத் துணி போலத் தோளில் வழிந்து கிடந்தது. கௌசி ஐம்பது படம் எடுத்தாள். கண்ணாடியைப் பார்த்த நிலாணி மட்டும், யாரோ தெரியாத பிள்ளை எதிரில் இருப்பது போலத் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தாள்.

"நாளைக்குத் தண்ணீர் வார்ப்பது இருக்கிறதே?" என்று மார்சியா ஆங்கிலத்தில் கேட்டாள். "நீட்டிய மயிரில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் போச்சு, தெரியுமல்லவா?"

"அது சும்மா சடங்குக்கு மச்சாள். மூண்டு சொட்டு. தலையை மூடி ஷவர் கப் போட்டு விடுவம்."

இங்கேதான் கௌசி சறுக்கினாள். நானூறு பிள்ளைகளை அலங்கரித்தவள், அவர்களில் ஒருத்தியின் தண்ணீர் வார்ப்பையாவது நின்று பார்த்ததில்லை. வெளிக்கிடுத்துகிறவளுக்கு எப்போதும் அழைப்பு, பிள்ளை முழுகித் தலை காய்ந்த பிறகுதான்!

விடிந்தது. பின்வளவில் பலகை போட்டு நிலாணியை இருத்தினார்கள். சடங்கை நடத்தப் பொறுப்பெடுத்தவர் புனிதவதி அன்ரி, வாகீசனுக்குத் தூரத்துச் சொந்தம். அவர் ஷவர் கப்பை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியை எறிவது போல வேலிப் பக்கம் எறிந்தார்.

"உதென்ன கோதாரி? பிளாஸ்ரிக்குக்கோ தண்ணி வாக்கிறது?"

கௌசி வாயைத் திறப்பதற்குள் தாய்மாமன் வந்துவிட்டார். மார்சியாவின் அண்ணன் டெஸ்மன்ட், ஆறடி நாலங்குலம், நகரப் பேருந்துச் சாரதி. ஒரு மாதமாய் வீடியோ பார்த்துத் தாய்மாமன் கடமைகளை மனப்பாடம் செய்தவர். வேட்டி அவிழாமலிருக்க அதற்கு மேல் பெல்ற் கட்டியிருந்தார். பால் வைத்தார், அறுகம்புல் வைத்தார். நிறைகுடத்தைத் தூக்கினார். தூக்கிய கை, மருமகளின் நீட்டிய தலைமயிரைக் கண்டதும் அந்தரத்தில் நின்றது. அவரை வளர்த்த வீட்டில், சூடு வைத்த தலைக்குப் பக்கத்தில் தண்ணீரோடு போனவனுக்குச் சோறு கிடையாது.

தங்கையைப் பார்த்தார். தங்கை கௌசியைப் பார்த்தாள். கௌசி வானத்தைப் பார்த்தாள்.

"நிச்சயமாகவா?" என்று டெஸ்மன்ட் கேட்டார்.

"ஓம் ஓம், ஊத்துங்கோ! தலையில விட்டால் கால் நனைய வேணும்!" புனிதவதி அன்ரி இரண்டு கையாலும் நடித்துக் காட்டினார்.

கடமை தவறாத அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு முழுக்குடத்தையும் ஊற்றினார்.

ஐயோ, அந்தக் காட்சியை என்னவென்று சொல்ல! ஐந்து மணித்தியால உழைப்பு ஐந்து நிமிடத்தில் எழும்பி நடந்தது. முதலில் நெற்றிப் பக்கம் ஒரு சுருள், பிறகு காதோரம் இரண்டு, பிறகு கூட்டம் கூட்டமாய், பள்ளிக்கூட மணி அடித்தவுடன் ஓடிவரும் பிள்ளைகளைப் போல எல்லாம் துள்ளி மேலே ஏறின. நிலாணி தலையைத் தொட்டுப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள்.

கௌசி சிரிக்கவில்லை. மணி எட்டரை. பதினொன்றுக்கு மண்டபத்தில் இருநூற்றைம்பது பேர்.

"மண்டபத்துக்குப் பிந்திப் போனாலும் பரவாயில்லை. அந்த அயனை எடுங்கோ! இன்னொருக்கா இழுப்பம்!"

அதைக் கேட்டதும் நிலாணியின் சிரிப்பு நின்றது. எழும்பி உள்ளே ஓடினாள். குளியலறைக் கதவு படாரென்று சாத்திப் பூட்டிக்கொண்டது.

"ஒருக்காத்தான் எண்டு சொன்னனான்! அந்த அயன் வீட்டில இருக்குமட்டும் நான் வரமாட்டன். மண்டபத்துக்கும் இல்லை, ஒரு இடத்துக்கும் இல்லை!"

வாகீசன் கெஞ்சினான். டெஸ்மன்ட் கதவடியில் நின்று மன்னிப்புக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கதவின் முன்னால் மார்சியாவும் கௌசியும் மட்டும். கௌசியின் கையில் இரும்பு சூடேறிக்கொண்டிருந்தது.

"மாமி நிக்கிறீங்களோ?" உள்ளேயிருந்து சின்னக் குரல்.

"நிக்கிறன் ராசாத்தி."

"நான் தமிழிலதான் சொல்லுவன். அம்மாக்கு விளங்கக் கூடாது."

எப்போதும் பாதி ஆங்கிலத்தில் கதைக்கிற பிள்ளை! கௌசி கதவில் காதை வைத்தாள்.

"பறட்டை எண்டால் என்ன மாமி?"

தொட்டிலில் கிடந்த நாள் முதல் மருமகளைக் கௌசி அழைத்த பெயர் அது. 'என்ர பறட்டை வந்திட்டாளோ? பறட்டைக்கு ஒரு முத்தம்.'

"அது... செல்லமாய்ச் சொல்லுறது அம்மா."

"இல்லை. கிரேட் ஃபோரில தமிழ் ரீச்சரிட்டக் கேட்டனான். முதல் சிரிச்சவ. பிறகுதான் சொன்னவ. அம்மா இன்னும் அது செல்லம் எண்டுதான் நினைக்கிறா. அவவின்ர போனில என்ர பேரே அதுதான். நான் சொல்லேல்லை. பாவமெல்லோ. அவவுக்கு உங்களில சரியான விருப்பம்."

அந்த நேரம் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரு சொல் காதில் விழுந்த மகிழ்ச்சியில் மார்சியாவின் முகம் மலர்ந்தது. கதவில் வாயை வைத்து, தன் ரெக்ஸ்டேல் தமிழில் கொஞ்சினாள்:

"பறட்டே... என் பறட்டே... கதவு திற!"

அந்தச் சொல்லை அவளுக்குப் பழக்கியது யார்? சிரித்த முகத்தோடு பன்னிரண்டு வருடம் அள்ளி அள்ளிக் கொடுத்தது யார்? ஊரே எதிர்த்தபோது இந்தத் தாய்க்காக எழும்பி நின்ற அதே வாய்!

கௌசி இரும்பின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"கதவைத் திற மகள். அயனைக் கழட்டிப்போட்டன்."

"சத்தியமாய்?"

"கொம்மாவின்ர கையில குடுத்திட்டன். இனி உன்ர தலைக்கு அவதான் மேஸ்திரி. நான் கையாள்."

பூட்டுத் திறந்தது.

அதன்பிறகு நடந்தது கௌசியின் தொழில் வாழ்க்கையில் என்றும் நடவாதது. நானூறு தலை கண்டவள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போல அடி வாங்கினாள். உச்சியிலிருந்து வாரத் தொடங்கினாள். மார்சியா அவள் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "நுனியிலிருந்து!" காய்ந்த இடத்தில் எண்ணெய் வைக்கப் போனாள், இன்னொரு தட்டு. "முதலில் தண்ணீர்!" சீப்பை எடுத்தாள், சீப்பே பறிபோனது. "விரல்!"

"சமைக்கவும் நீதான் பழக்குவாய் போல இருக்கு" என்று கௌசி முணுமுணுத்தாள்.

"அதுக்கும் வாங்கோ மாமி, உங்கட ரசம் அவ்வளவு சரியில்லை" என்றாள் நிலாணி.

முன்பக்கம் இரட்டைப் பிரியாய் முறுக்கி வளைத்து, பின்பக்கத்தைப் பெரிய உருண்டையாய்த் திரட்டி விட்டார்கள். இனிப் பூ. வழக்கமாக ஒரு மல்லிகைச் சரத்தை நிறுத்த அறுபது ஊசி தேவை. கௌசி சரத்தை மயிரில் சும்மா சாய்த்து வைத்துவிட்டு, ஊசி எடுக்கத் திரும்பினாள். திரும்பிப் பார்த்தால் சரம் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

"ஆட்டு பாப்பம் தலையை."

நிலாணி ஆட்டினாள். பூ அசையவில்லை.

"இன்னும் பலமாய்!"

குதித்துக் குதித்து ஆட்டினாள். ஒரு மொட்டுக்கூட விழவில்லை. ஒவ்வொரு சுருளும் ஒவ்வொரு விரலாய்ப் பூவைப் பிடித்து வைத்திருந்தது!

"கடவுளே! இருபத்திரண்டு வருஷம் வழுக்குற தலையளோட மாரடிச்சுப்போட்டனே மச்சாள்! இஞ்ச பார், ஊசியே வேண்டாம்!"

அவள் பூவை வைத்துக்கொண்டே போனாள். மல்லிகை, சின்ன ரோசா, நெற்றிச்சுட்டி. சடைநாகத்தைக்கூட வட்டமாய் வளைத்து உருண்டையைச் சுற்றிக் கிரீடமாக்கிவிட்டாள். பதினொன்றரைக்கு நிலாணி மண்டபத்துக்குள் நடந்து வந்தபோது, வீடியோக்காரர் கமெராவைக் கீழே இறக்கி ஒருமுறை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்ப எடுத்தார்.

புனிதவதி அன்ரி பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்.

"பிள்ளை கௌசி, உது என்ன விக்? எங்கை வாங்கினனீ?"

"விக் இல்லை அன்ரி. அது முளைச்சது."

மாலையில் சனம் கலைந்த பிறகு, உடுப்பு மாற்றும் அறையில் மார்சியா சேலை மடித்துக்கொண்டிருந்தாள். கௌசி கதவைச் சாத்தினாள். நாள் முழுதும் அடக்கி வைத்திருந்ததைத் தன் உடைந்த ஆங்கிலத்தில் கக்கினாள். பறட்டை என்றால் செல்லம் இல்லை. சீவாத தலை, வடிவில்லாத தலை. பழக்கியது நான்தான். பிள்ளைக்கும் தெரியும், உனக்கு நோகும் என்றுதான் மறைத்திருக்கிறாள்.

மார்சியாவின் கையிலிருந்த சேலை பாதி மடிப்பில் நின்றது.

"பூங்காவில் நின்று அதைக் கூவியிருக்கிறேன்" என்றாள் மார்சியா மெல்ல. "அவள் மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் எழுதி வைத்திருக்கிறேன்."

"என்னை அடி மச்சாள். திட்டு. ஏதாவது செய்."

மார்சியா போனை எடுத்து, ஒரு பெயரை அழித்து, 'நிலாணி' என்று எழுதினாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு சேலையை மடித்து முடித்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வா. கையை மட்டும் கொண்டு வா. சீப்பு வேண்டாம்."

கௌசி போனாள். அடுத்த ஞாயிறும் போனாள். இப்போது ஞாயிறு காலையில் அவளைப் பொம்பிளை வெளிக்கிடுத்தக் கேட்டால், "வகுப்பு இருக்கு" என்பாள். முதல் மாதம் நிலாணி ஒவ்வொரு இழுப்புக்கும் புள்ளி போட்டாள்: "நாலு", "ரெண்டு", "மாமி, இது சைபர்." மார்சியா பக்கத்தில் இருந்து கண்காணித்தாள். பிறகு பக்கத்து அறையில் இருந்து. பிறகு கடைக்குப் போகத் தொடங்கினாள்.

பனி கொட்டிய ஒரு ஞாயிறு. கௌசி சோபாவில் இருக்க, நிலாணி கீழே கம்பளத்தில் இருந்து, தலையை மாமியின் முழங்காலில் சாய்த்திருந்தாள். நுனியிலிருந்து மேலே, விரலால், கொஞ்சம் கொஞ்சமாய். கௌசி ஒரு பிரியை முறுக்கி முடித்துவிட்டு, "இதுக்கு எத்தினை?" என்று கேட்டாள். பதிலில்லை. குனிந்து பார்த்தாள். சீப்பைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஒளித்த பிள்ளை, வாயைப் பிளந்துகொண்டு நித்திரை.

மேசையில் போன் அடித்தது. யாரோ ஒரு பொம்பிளையின் தாய். கௌசிக்குக் கை நிறையக் களிம்பு, கால் விறைத்து மரக்கட்டை, மூக்கு நுனியில் சொறியச் சொல்லும் பொல்லாத கடி. அவள் அசையவில்லை. போன் அடித்து ஓயும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பிரியை எடுத்தாள்.